ஆறாவது கால்விரலில் நூல் கட்ட வேண்டாம்

மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு குழந்தை ஆறு கால்விரல்களோடு பிறந்துவிட்டால், பிள்ளை பார்க்க வருபவர்களிடமிருந்து இரண்டு விதமான பேச்சுகள் வரும். அதிர்ஷ்டமுள்ள குழந்தை, அதைத் தொடவே கூடாது என்பார்கள் சிலர். "கருப்பு நூலை எடுத்து இறுக்கி ஒரு கட்டுக் கட்டும்மா, தன்னால காஞ்சு விழுந்துடும்" என்பார்கள் வேறு சிலர். என் மகள் வலது காலில் சுண்டுவிரலை ஒட்டி ஒரு விரல் கூடுதலாகப் பிறந்தபோது இரண்டையும் கேட்டேன். அதிர்ஷ்டம் என்று சொல்வதால் குழந்தைக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. நூல் கட்டச் சொல்வது அப்படியல்ல. அன்பாகச் சொல்லப்படுவதால் மறுக்கவும் கடினமான, ஆபத்தான யோசனை அது. இப்போதும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்தும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் தெரிந்தவர்கள் மூலமாகத் தாய்மார்கள் என்னிடம் இதைக் கேட்கிறார்கள் என்பதால், நான் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் நூலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் தொங்கும் மருவைக் குதிரை மயிரால் கட்டி விழவைப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அதே வழக்கம்தான் கூடுதல் விரலுக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் மரு வெறும் தோல். கால்விரல் அப்படியல்ல. என் மகளின் உள்ளங்காலை மெல்ல வருடினால் ஐந்து விரல்களும் மடங்கும்போது ஆறாவதும் சேர்ந்து மடங்கும். அதற்கு அரிசி முனையளவு நகமும் இருந்தது. மடங்குகிறது என்றால் அதற்குள் தசைநாண் இருக்கிறது, மூட்டு இருக்கிறது, எலும்பு இருக்கிறது, இரத்தக் குழாயும் நரம்பும் இருக்கின்றன என்று பொருள். அதன் அடியில் நூலை இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை அழுகும், எலும்பு விழாது. சீழ் பிடிக்கலாம், இரத்தம் கொட்டலாம், பச்சைக் குழந்தைக்குக் கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். தப்பித்து விழுந்துவிட்டாலும், அறுபட்ட நரம்பின் முனை சிறு கட்டியாகத் திரண்டு, பிற்காலத்தில் செருப்பின் ஓரம் பட்டாலே சுரீரென்று வலிக்கும் இடமாக மாறலாம். கையில் எலும்பே இல்லாமல் மெல்லிய தோல் காம்பில் தொங்கும் சிறு முண்டுகளை மருத்துவர்கள் சில சமயம் அடியில் கட்டி அகற்றியதுண்டு. அதிலும்கூட முண்டு மிஞ்சுவதும் நரம்புக்கட்டி வருவதும் தெரிய வந்ததால் இன்று பலர் முறையாக வெட்டி அகற்றுவதையே விரும்புகிறார்கள். காலில் பெரும்பாலும் எலும்போடுதான் விரல் வருகிறது. ஆகவே வீட்டில் கட்டுவதற்கு இடமே இல்லை.

இது அபூர்வமான ஒன்றும் அல்ல. கை, கால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள் கூடுதல் விரலோடு பிறக்கின்றன. காலைப் பொறுத்தவரை பத்தில் எட்டுப் பேருக்கு அது சுண்டுவிரல் பக்கத்தில்தான் வருகிறது. கட்டைவிரல் பக்கத்தில் வருவது குறைவு. நடு விரல்களில் வருவது மிகக் குறைவு.

ஏன் வருகிறது என்பதைத் தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பழி முழுவதும் அவர்கள் மேல்தான் விழுகிறது. கிரகணத்தன்று அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்கினாயா, வெளியே வந்தாயா என்று என்னையும் கேட்டார்கள். கருவில் நான்காவது வாரத்தில் கையும் காலும் சிறு மொட்டுகளாகத் துளிர்க்கின்றன. எட்டாவது வாரம் முடிவதற்குள் அந்த மொட்டு தட்டையாகி, அதில் விரல்களுக்கான கோடுகள் தோன்றி, இடையிலுள்ள உயிரணுக்கள் மடிந்து, விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே உறுதியாகும் காலத்திற்குள் இந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எத்தனை விரல், எந்தப் பக்கம் கட்டைவிரல், எந்தப் பக்கம் சுண்டுவிரல் என்பதை மொட்டின் ஒரு ஓரத்திலிருந்து பரவும் வேதிச் சமிக்ஞை தீர்மானிக்கிறது. சானிக் ஹெட்ஜ்ஹாக் என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். அது எங்கே, எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் டிஎன்ஏ பகுதி, அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கட்டைவிரல் பக்கத்தில் விரல் கூடுதலாக முளைக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே கீ வெஸ்ட் தீவில் வாழ்ந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஆறுவிரல் பூனைகளுக்கும் அதே பகுதியில்தான் மாற்றம் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஜிஎல்ஐ3 என்ற வேறொரு மரபணுவில் வரும் மாற்றங்களாலும் கூடுதல் விரல் உண்டாகிறது. இவற்றில் எதற்கும் கிரகணத்தோடும் அரிவாள்மனையோடும் தொடர்பு இல்லை. பெற்ற உடம்போடு படுத்திருக்கும் ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதை நம் பக்கத்தில் அடியோடு நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மரபு வழி வருவது உண்மை. என் கணவரின் சித்தப்பாவுக்கு இரண்டு கால்களிலும் ஆறு விரல்கள். அவர் பிள்ளைகள் யாருக்கும் இல்லை. என் மாமனாருக்கும் இல்லை, என் கணவருக்கும் இல்லை. என் மகளுக்கு வந்திருக்கிறது. மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. வேறு குறை எதுவும் இல்லாமல் விரல் மட்டும் கூடுதலாக வரும் குடும்பங்களில் பெரும்பாலும், தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அந்த மாற்றம் வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் மாற்றம் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் விரல் வெளியே தெரிவதில்லை, தெரிந்தாலும் ஒரே மாதிரி தெரிவதில்லை. ஒருவருக்கு முழு விரல், இன்னொருவருக்கு அகலமான நகம் மட்டும், மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லை. ஒரு தலைமுறை தாண்டி வருவதுபோல் தோன்றுவது இதனால்தான். எந்தக் குடும்ப வரலாறும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

இங்கே நம் வட்டாரத்துக்கென்று ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. கூடுதல் விரல் ஓர் அடையாளமாக மட்டும் இருந்து, உள்ளே வேறு உறுப்புகளும் பாதிக்கப்படும் நோய்க்கூட்டுகள் சில உண்டு. அவற்றில் பல, தாய் தந்தை இருவரிடமும் ஒரே மாற்றம் மறைந்திருந்து பிள்ளையிடம் சேரும்போது வெளிப்படுபவை; சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். பார்டெட்-பீடில் என்ற நோய்க்கூட்டில் சுண்டுவிரல் பக்கத்துக் கூடுதல் விரலோடு, சிறுவயதிலேயே உடல் பருமன், இருட்டில் கண் தெரியாமல் தொடங்கிப் படிப்படியாகப் பார்வை மங்குவது, சிறுநீரகக் கோளாறு ஆகியவை சேர்ந்து வரும். எல்லிஸ்-வான் கிரிவெல்டு என்பதில் பெரும்பாலும் கைகளில் கூடுதல் விரல், குட்டையான உடல்வாகு, சிறுத்த நகங்கள், பற்களில் குறை, பலருக்கு இதயத்தில் ஓட்டை ஆகியவை காணப்படும். 13-ஆம் குரோமோசோம் மூன்றாக வரும் குழந்தைகளுக்குக் கடுமையான பல குறைகளோடு, பெரும்பாலும் கூடுதல் விரலும் இருக்கும்; இது சொந்தத் திருமணத்தால் வருவதல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம். காலில் ஒரு விரல் மட்டும் கூடுதலாக இருந்து, மற்ற எல்லாம் சரியாக இருக்கும் குழந்தைகளே மிகப் பெரும்பாலோர். ஆனால் குழந்தை மருத்துவர் ஒரு முறையேனும் தலை முதல் கால் வரை முழுமையாகப் பார்க்க வேண்டும்; இதயத்தைக் கேட்க வேண்டும்; கைகளையும் மற்றொரு காலையும் எண்ண வேண்டும்; நீங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவரா என்று அவர் கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் கூடுதல் விரல் இருந்தால் இந்தச் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

மகளைத் தஞ்சாவூருக்கு முதலில் அழைத்துச் சென்றபோது அவளுக்கு வயது சில வாரங்கள்தான். உடனே அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிடுவார்கள் என்று என் மாமியார் எதிர்பார்த்து, அதற்குத் தயாராக வந்திருந்தார். எலும்பு மருத்துவர் விரலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார், அடியில் எலும்பு தொடர்கிறதா என்று தடவிப் பார்த்தார், பிறகு ஒரு வயதை ஒட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கான காரணங்களை அவர் விளக்கியது எனக்கு மிகவும் உதவியது. பச்சைக் குழந்தையின் பாதத்தில் எலும்பாக வேண்டிய பல பகுதிகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எந்த விரல் எந்த எலும்போடு சேர்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மயக்க மருந்தும் பச்சைக் குழந்தையைவிடச் சில மாதங்கள் கழிந்த குழந்தைக்குக் கூடுதல் பாதுகாப்பானது. அதே நேரம் நன்றாக நடந்து, ஷூ அணியத் தொடங்கும் வயது வரை காத்திருக்கவும் தேவையில்லை. சின்ன வயதில் செய்தால் பாதம் வளரும்போது புதிய வடிவத்துக்கு இயல்பாகப் பொருந்திக்கொள்கிறது. இதனால்தான் பலர் ஒரு வயதை ஒட்டிய காலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எக்ஸ்ரே எடுத்த நாளில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. வெளியே சுண்டுவிரலும் அதன் பக்கத்தில் ஒரு குட்டி விரலும் மட்டும்தான் தெரிந்தன. படத்தில் பார்த்தால், பாதத்தின் நடுவில் ஒவ்வொரு விரலுக்கும் ஒன்றாக ஓடும் நீண்ட எலும்புகளில் கடைசி எலும்பு, நுனியில் இரண்டாகக் கிளைத்திருந்தது. இந்தக் கடைசி எலும்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் 1976-இல் வென்-வாட்சன் என்ற மருத்துவர் வகுத்த பகுப்பு முறையை இன்றும் பின்பற்றுகிறார்கள். எலும்பின் தலை மட்டும் அகன்றிருந்து அதன் மேல் இரண்டு விரல்கள் உட்கார்ந்திருக்கலாம். ஆங்கில எழுத்தான ஒய்யைப் போலக் கிளைத்திருக்கலாம். டி எழுத்தைப் போலக் குறுக்காக விரிந்திருக்கலாம். ஆறாவதாக ஒரு முழு எலும்பே தனியாக இருக்கலாம். வெளியே ஒரே மாதிரி தோன்றும் இரண்டு குழந்தைகளின் கால்களுக்கு முற்றிலும் வேறுபட்ட சிகிச்சை தேவைப்படுவது இதனால்தான். வெளியில் தெரியும் விரலைப் பார்த்து முடிவு சொல்பவர் யாராக இருந்தாலும், வீட்டுப் பெரியவராகட்டும், மருந்துக்கடைக்காரராகட்டும், எக்ஸ்ரே இல்லாமலேயே தேதி குறிக்கும் மருத்துவராகட்டும், அவர் பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

எந்த விரலை எடுப்பது என்பதும் தானாகத் தீர்ந்துவிடும் கேள்வியல்ல. பெரும்பாலும் வெளி ஓரத்தில் இருக்கும் ஆறாவதைத்தான் எடுக்கிறார்கள், அப்போது பாதத்தின் ஓரம் இயல்பான வடிவம் பெறும். ஆனால் சில குழந்தைகளுக்கு ஆறாவது நன்கு வளர்ந்திருக்கும், ஐந்தாவது சிறுத்திருக்கும். அப்போது ஐந்தாவதை எடுத்துவிட்டு ஆறாவதை அதன் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். அறுவை சிகிச்சையில் விரலை வெட்டி எடுப்பது சிறு பகுதிதான். அகன்றிருக்கும் எலும்புத் தலையைச் சீவிச் சரிசெய்ய வேண்டும், கிளைத்த எலும்பின் உபரிக் கிளையை அடியோடு எடுக்க வேண்டும், மூட்டின் பக்கத்துத் தசைநாரைப் பிரித்து மிஞ்சும் விரலோடு மறுபடியும் தைக்க வேண்டும், நரம்பைச் செருப்பு உரசாத ஆழத்தில் விட வேண்டும். இவற்றைச் செய்யாமல் விரலை மட்டும் நறுக்கிவிட்டால், அந்த இடத்தில் எலும்பு முண்டாகத் துருத்திக்கொண்டு நிற்கும், மிஞ்சிய விரல் வெளிப்பக்கமாகச் சாயும், சில ஆண்டுகளில் கால் ஆணி விழும். சிறு வயதில் அவசரமாக நறுக்கப்பட்டு, பெரியவரான பிறகு மறுபடியும் அறுவை சிகிச்சைக்கு வந்த ஒருவரை, என் மகளைச் சேர்த்திருந்த வார்டில் பார்த்தேன்.

கட்டைவிரல் பக்கத்தில் கூடுதல் விரல் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பாத எலும்பு குட்டையாகவும் தடித்தும் இருப்பது உண்டு. எடுத்த பிறகும் மிஞ்சிய கட்டைவிரல் உள்பக்கமாக, அதாவது மற்ற விரல்களை விட்டு விலகிச் சாயும் போக்கு இருக்கிறது. அதைத் தடுக்கத் தசைநாரை இறுக்கி, சில வாரங்களுக்கு மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி வைப்பார்கள். அப்படியும் திரும்பச் சாய்ந்து, இரண்டாம் முறை அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நடு விரல்களில் வருவதை எடுத்த பிறகும் பாதம் சற்று அகலமாகவே இருப்பதுண்டு. இவற்றை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

எங்களுக்கு மார்கழியில் தேதி கிடைக்க இருந்தது. நான் மாசிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டேன், மருத்துவரும் ஒப்புக்கொண்டார், ஏனென்றால் இது அவசர அறுவை சிகிச்சை அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தும் எங்கள் வாசலும் கொல்லையும் மார்கழி வரை சொதசொதவென்றுதான் இருக்கும்; தவழ்ந்தும் பிடித்து நின்றும் பழகும் குழந்தையின் காலில் மாவுக்கட்டு நனையாமல் காப்பது கடினம். சம்பா அறுவடை முடிந்து தரை காய்ந்த பிறகு வைத்துக்கொண்டது பெரிய நிம்மதி. டெல்டாவில் இருப்பவர்கள் இதை யோசித்து மருத்துவரிடம் பேசலாம்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் பாலுக்கான நேரக் கணக்கை மருத்துவமனையில் சொல்வார்கள். பொதுவாகத் தாய்ப்பாலை நான்கு மணி நேரத்துக்கு முன்பும், மாட்டுப்பால், பால்மாவு, கூழ் போன்றவற்றை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். குழந்தை பசியில் அழும்போது பாட்டிமார்கள் மனம் பொறுக்காமல் ஒரு சங்கு பாலைப் புகட்டிவிடுவது உண்டு. மயக்கத்தில் அந்தப் பால் மேலெழும்பி நுரையீரலுக்குள் போனால் உயிர் போகும் ஆபத்து என்பதை அவர்களுக்கு முதல் நாளே விளங்கச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அடிக்கடி பார்த்தது கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நுனிகளைத்தான். அவை இளஞ்சிவப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். அழுத்தி விட்டால் வெளுத்து உடனே நிறம் திரும்ப வேண்டும். நீலமாகவோ வெளுத்தோ சில்லென்றோ இருந்தாலும், கட்டிலிருந்து நாற்றமோ நீரோ வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், வலிமருந்து கொடுத்தும் அழுகை அடங்காவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறு சந்திப்புத் தேதி வரட்டும் என்று இருக்கக் கூடாது. தானே கரையும் தையல் போட்டால் பிரிக்க வேண்டியதில்லை. கட்டுப் பிரித்த பிறகு மஞ்சளோ வேப்பெண்ணெயோ தடவுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். தழும்பு சில மாதங்கள் சிவந்து தடித்திருந்து பிறகு மெல்ல மங்கும்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. விரல் மற்ற விரல்களோடு நேர்வரிசையில் இருந்து, வலியும் உரசலும் இல்லாமல், செருப்பு பொருந்தினால் அப்படியே விட்டுவிடலாம். என் கணவரின் சித்தப்பா அறுபது வயதைத் தாண்டியும் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறார். அவருக்கு இருக்கும் ஒரே தொல்லை, நடவு காலத்தில் நெருக்கமான கடைசி இரண்டு விரல்களுக்கு இடையில் ஈரம் தங்கி ஆண்டுதோறும் வரும் சேற்றுப்புண்தான். வயலிலிருந்து ஏறியதும் அந்த இடுக்கைக் கழுவித் துணியால் ஒற்றி உலர்த்தினால் அது பெருமளவு குறைகிறது. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹெப்டத்லான் என்ற ஏழு பிரிவுத் தடகளப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய வீராங்கனை ஸ்வப்னா பர்மனுக்கு இரண்டு கால்களிலும் ஆறு விரல்கள். ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் அவை தடையாக இருக்கவில்லை. பொருத்தமான காலணி கிடைக்காததுதான் அவருக்கு வலியைத் தந்தது.

காலணிதான் நம் பிள்ளைகளுக்கும் பிரச்சினையாகிறது. பள்ளிக்கூடத்துக் கருப்பு ஷூ நீளக் கணக்கில் விற்கப்படுகிறது, அகலத்தை யாரும் அளப்பதில்லை. அகலம் போதவில்லை என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால் குழந்தை தடுக்கி விழும். அறுவை சிகிச்சை செய்யாத பிள்ளைகளுக்கு முன்பக்கம் அகன்ற, துணியாலான ஷூவைத் தேடி வாங்குவதும், தேவைப்பட்டால் தலைமை ஆசிரியரிடம் சொல்லிச் செருப்பு அணிய அனுமதி பெறுவதும் நல்லது. நான் பள்ளியில் வேலை பார்ப்பவள். கேட்டால் மறுக்கும் தலைமை ஆசிரியர்கள் குறைவு.

பெண் பிள்ளை, நாளைக்கு மெட்டி போடும் கால் என்ற பேச்சும் என் வீட்டில் வந்தது. ஊர் வாய்க்காக ஒரு குழந்தையின் உடம்பில் கத்தி வைப்பதை நான் ஏற்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு கிளைத்து விரல் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது, எந்தச் செருப்பும் பொருந்தாமல் உரசும் என்று தெரிந்தது, அதனால் செய்தோம். எலும்பு நேராக இருந்திருந்தால் அவள் வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்று விட்டிருப்பேன்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவம், குழந்தைகள் அறுவை சிகிச்சை ஆகிய பிரிவுகளில் இது செய்யப்படுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊர்களிலும் மருத்துவக் கல்லூரி இருப்பதால் நமக்குத் தொலைவு ஒரு தடையல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், இந்தச் சிகிச்சை அங்கே திட்டத்தில் சேருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் குழந்தையைக் காட்டலாம். அவர்கள் எழுதித் தரும் சீட்டோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போனால் யாரைப் பார்ப்பது என்று அலைய வேண்டியதில்லை.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று கேட்பவர்கள், கர்ப்பத்தின் 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனின்போது குடும்பத்தில் கூடுதல் விரல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஸ்கேனில் சில சமயம் தெரியும், சிறு விரலாக இருந்தால் தப்பிவிடும். தெரிந்தால் இதயம், சிறுநீரகம், மூளை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். அவை நன்றாக இருந்து விரல் மட்டும் கூடுதல் என்றால், பிறந்த பிறகு குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஒரு வயதை ஒட்டி எக்ஸ்ரே எடுத்து முடிவு செய்துகொள்ளலாம்.